ஓனர் இல்லாத வீடு

பரமசிவம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வருகிற பாகத்தை அளவு பார்க்கிற கேஜில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டிலும் இல்லையென்றால் சிவப்புத் தட்டிலும் போடுவான். அதற்கு எதற்குப் பேச்சு? முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவன். பெண்டாட்டி ஜெயமணி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் இரண்டாயிரத்து ஒன்பதில் எழுத்து ஆசை பிடித்தது. பிடிக்க வைத்தவன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற சுபாஷ். பெங்களூரில் ஏதோ ஒரு குரூப்பில் சேர்ந்திருந்தான். இலவச மென்பொருள், சுதந்திரம் என்று கேண்டீனில் மாட்டுகிற ஆளையெல்லாம் பிடித்து உட்கார வைத்து வகுப்பெடுப்பான். எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு நழுவிவிட, வாய் பேசாத பரமசிவம் வசமாக மாட்டினான்.

“பெரிய கம்பெனிக்காரன் சைட்டுல எழுதினா நீ வாடகைக்கு இருக்கிற மாதிரி. அவன் வெச்சதுதான் சட்டம்ணே. இது அப்படியில்ல. நாங்க ஒரு சர்வர் வெச்சிருக்கோம், கோயமுத்தூர்ல ஒருத்தர் வெச்சிருக்காரு, சிங்கப்பூர்ல ஒருத்தர். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். இங்க எழுதினா அங்க இருக்கிறவன் படிப்பான். ஆனா மொத்தத்துக்கும் ஓனர்னு ஒருத்தன் கிடையாது.”

மற்றதெல்லாம் காற்றோடு போக, ஓனர் கிடையாது என்பது மட்டும் பரமசிவத்தின் மனசில் தைத்தது. காரணம் இருக்கிறது. அவன் குடியிருந்தது மூக்கண்டப்பள்ளியில் சென்னம்மாவின் லைன் வீட்டில். ஒரே வாசல், கொய்யா மரம், வரிசையாக ஓட்டு வீடுகள். சென்னம்மா ஐம்பதைத் தாண்டிய விதவை. தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பார். ஆணி அடிக்கக் கேட்க வேண்டும், விருந்தாளி தங்கக் கேட்க வேண்டும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து அவர் போடுகிற சத்தத்தில் கொய்யா மரத்துக் குருவியே பறந்துவிடும். பரமசிவத்துக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான்.

தொடங்குவது பெரிய வித்தையாக இல்லை. ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டரில் சுபாஷ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, தன்னைப் பற்றி ஒரு வரி, அவ்வளவுதான். பெயருக்கு யோசித்து ‘வாடகைக்காரன்’ என்று வைத்துக்கொண்டான். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் விழுந்தது. அம்மா என்று அடித்துப் பார்த்துவிட்டு அவன் பச்சைப்பிள்ளை போலச் சிரித்தான்.

“பெருசா எழுதாதண்ணே. அன்னைக்குப் பார்த்ததை, கேட்டதை நாலு வரி எழுது. போதும்” என்றான் சுபாஷ்.

பார்த்ததை எழுதினான். பஸ்ஸில் கூட்டம் என்றும், கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை என்றும், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றும் எழுதினான். ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகுதான் கேட்டதை எழுத ஆரம்பித்தான். கேட்டது என்றால் ஜெயமணி சொன்னது. குழாயடிச் சண்டை, கன்னடம் தெரியாமல் காய்க்காரியிடம் தலையாட்டி ஒரு கூடை நூக்கோலை வாங்கி வந்தது, சென்னம்மா சாவியைத் தானே தொலைத்துவிட்டுக் குடித்தனக்காரர்களைத் திட்டித் தீர்த்தது. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே அடித்தான். கோயமுத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஆட்கள் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். ‘அண்ணே, நீங்க பேசுற மாதிரியே எழுதுறீங்க’ என்று ஒருவர் பாராட்டினார். பேசவே பேசாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உச்சி குளிர்ந்துபோனான். வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் ஜெயமணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு ஓசூரில் சொந்தம் இல்லை, சிநேகிதி இல்லை, பிள்ளையும் இன்னும் இல்லை. அந்த வாசலில் அவளுக்கு இருந்த ஒரே மனுஷி, எல்லோரும் பயப்படுகிற சென்னம்மாதான். எப்படியோ இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. மத்தியானத்தில் சென்னம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து இருவரும் அவரைக்காய் உரிப்பார்கள். அப்படி உரிக்கும்போது ஒரு நாள் சென்னம்மா தன் ரகசியத்தைச் சொன்னார். அன்று பரமசிவத்துக்குச் சோறு போட்டபோது ஜெயமணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏங்க, சென்னம்மா சனிக்கிழமை சனிக்கிழமை விரதம்னு பெருமாள் கோயிலுக்குப் போறாங்கல்ல? கோயிலுக்குப் போறதே இல்லையாங்க! பஸ் ஏறி கர்நாடகா எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போயிடறாங்க. அங்க ஒரு டாக்கீஸ்ல மேட்னி பார்த்துட்டு, பேக்கரியில முட்டை பஃப்ஸ் தின்னுட்டு வர்றாங்க! துளசியும் குங்குமமும் போகும்போதே வாங்கிப் பையில வெச்சுக்குவாங்களாம்.”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “பாவங்க. வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்லையாம். தியேட்டரு குடும்பப் பொம்பளைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாராம். மகனும் அதே மாதிரி கெடுபிடி. எல்லைக்கு அந்தப் பக்கம் போனா யாருக்கும் என்னைத் தெரியாதும்மா, நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்னு சொன்னாங்க. நீங்க யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க.”

“நான் யாருகிட்டப் பேசப் போறேன்” என்றான் பரமசிவம். அவன் யாரிடமும் பேசவில்லைதான். மறுநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்தான். பெயரை மட்டும் ‘சாவியம்மா’ என்று மாற்றினான். கொய்யா மரம், பூட்டுப் போட்ட குழாய், துளசி, அத்திப்பள்ளி, முட்டை பஃப்ஸ் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்தால் பிறகு என்ன ருசி என்று அவனுக்குத் தோன்றியது. ஜெயமணி குரலைத் தாழ்த்திச் சொன்ன பகுதியை விட்டுவிட்டான். அது சிரிப்புக்கு ஒத்துவரவில்லை.

அவன் அதுவரை எழுதியதில் எதுவும் இந்த ஓட்டம் ஓடியதில்லை. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போய், அங்கிருந்தவர்கள் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டு, அதை யாரோ ஆபீஸில் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அந்த ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தது. கேட்டுச் சிரித்தவர்களில் சென்னம்மாவின் மகன் சென்னகிருஷ்ணனும் ஒருவன். கொய்யா மரம் வந்ததும் அவன் சிரிப்பு நின்றிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கார் வாசலில் வந்து நின்றது. உள்ளே தெலுங்கில் சத்தம் கேட்டது. பரமசிவம் குழாயடியில் கண்ணாடியை மாட்டி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தான். ஜெயமணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சென்னம்மா வெளியே வந்து அவள் முன்னால் நின்றார். வழக்கமான சத்தம் இல்லை, குரலே எழும்பவில்லை.

“ஏம்மா, உனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்களாம்மா. ஊரே சிரிக்குதாம். நான் உன் ஒருத்திகிட்டதானேம்மா சொன்னேன்.”

ஜெயமணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. ஒரு தரம் திரும்பிப் பரமசிவத்தைப் பார்த்தாள். ஆதரவாக நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் அந்தப் புத்திசாலி.

“ஜெயமணி அப்படிப்பட்டவ இல்லைங்கம்மா” என்றான்.

சொல்லிவிட்டான். நுரை மூடிய முகத்தில் கண் மட்டும் தெரிய நின்றுகொண்டு, அப்படியே சொல்லிவிட்டான். சும்மாவாவது இருந்திருக்கலாம். அதன் பிறகு எத்தனையோ நாள், கேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் அவன் காதில் கேட்டது. பேசாதவன் வாயைத் திறந்து பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான் என்று அவனுக்கே தெரிந்தது.

“நான் வெளிய யாருகிட்டயும் சொல்லலம்மா” என்றாள் ஜெயமணி. வேறு எதுவும் சொல்லாமல் குனிந்து பாத்திரத்தைத் துலக்கினாள். சென்னம்மா நம்பவில்லை. எப்படி நம்புவார்?

பரமசிவம் அன்றே ஓடிப்போய்ப் பதிவை அழித்தான். மறுநாள் சுபாஷ் உதட்டைப் பிதுக்கினான். “நம்ம சர்வர்ல அழிஞ்சுடுச்சுண்ணே. மத்த இடத்துக்குப் போன காப்பி அங்கங்க அப்படியே இருக்கும். நீ அழிச்ச விஷயம் அதுங்களுக்குத் தெரியாது.”

“யாருகிட்டச் சொன்னா எடுப்பாங்க?”

“ஓனருன்னு ஒருத்தன் இருந்தா கேக்கலாம். அதான் கிடையாதே.”

அவன் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கெஞ்சி எழுதினான். கோயமுத்தூர்க்காரர், ‘நல்லாத்தானே இருந்துச்சு, ஏன்?’ என்று கேட்டுவிட்டு எடுத்தார். சிங்கப்பூர்க்காரர் பதிலே போடவில்லை. இன்னொரு புண்ணியவான் சாவியம்மாவுக்குத் தன் கைச்சரக்காக இரண்டு ஜோக் சேர்த்து ஓடவிட்டிருந்தான். அதைப் படித்தபோது பரமசிவத்துக்கு அவன் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

சென்னகிருஷ்ணன் கெட்டவன் இல்லை. அம்மாவைத் திட்டியதற்கு வருத்தப்பட்டு, அதற்குப் பரிகாரமாக ஒரு காரியம் செய்தான். இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே காரில் வந்து பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். சொன்னபடியே வந்தான். சென்னம்மா முன்சீட்டில் துளசி மாலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைப் போல உட்கார்ந்து போனார். கார் பெருமாள் கோயில் பக்கம் திரும்புவதைப் பரமசிவம் ஜன்னல் வழியாகப் பார்ப்பான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

ஜெயமணியிடம் சென்னம்மா பேசுவதை விட்டார். அவள் குடத்தோடு வந்தால் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். மற்றக் குடித்தனக்காரப் பெண்களும் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஊர்க்கதையை உலகத்துக்கு அனுப்புகிறவள் என்று பெயராகிவிட்டது. வாசல் முழுக்கப் பேசிக்கொண்டு திரிந்தவள், சோறு போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பரமசிவம் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். தண்ணீர் தூக்கினான். சம்பந்தமில்லாமல் ஒரு சேலை எடுத்து வந்தான். அவள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள், ஏன் என்று கேட்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பான். நினைத்து முடிப்பதற்குள் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவான்.

கடைசியில், வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி சென்னம்மா சொல்லி அனுப்பினார். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வீடு கிடைத்தது. காலி செய்கிற அன்று காலையில் ஜெயமணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பெண் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. புது வீட்டுக்கும் இந்தப் பெயர் பின்னாலேயே வரும் என்று பரமசிவத்துக்குத் தோன்றியது. ஜெயமணியிடம் சொல்லத் தைரியம் இல்லை. அவன் விறுவிறுவென்று நடந்து சென்னம்மாவின் கதவைத் தட்டினான்.

“அம்மா, அதை எழுதினது நான்தாங்க. ஜெயமணி எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. நான்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன். அவ மேல தப்பே இல்லைங்க.”

சென்னம்மா திட்டுவார், சாவிக்கொத்தை வீசுவார் என்று எதிர்பார்த்து நின்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயா? வாயில்லாதவன்னு நெனைச்சேனே. இப்போ நான் அத்திப்பள்ளிக்குப் போக முடியுமா? அதைச் சொல்லு.”

அவன் கண்ணில் நீர் வழிந்தது.

“சாலு, சாலு, போதும், அழுவாத. அவளுக்குத் தெரியுமா இது?”

“தெரியாதுங்கம்மா. இன்னும் சொல்லல.”

“உன் ஒருத்தன்கிட்ட மட்டும்தானே சொன்னா?”

“ஆமாங்கம்மா.”

“அப்போ அன்னைக்கு நான் வந்து கேட்டப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்குமேப்பா” என்றார் சென்னம்மா.

கேஜை வைத்து நூலளவு பிசகைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இத்தனை நாள் இது தோன்றவே இல்லை. கோயமுத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் எழுதித் தடயம் அழித்துக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்த ஒருத்தி தினமும் எதிரில் உட்கார்ந்து அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். புருஷன் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. சென்னம்மா அவனைத் தாண்டி அவன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

அவன் திரும்பி வந்தான். ஜெயமணி சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். நிமிரவில்லை.

“சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“ம்.”

“அன்னைக்கே சொல்லுவீங்கன்னு நெனைச்சேங்க” என்று சொல்லிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினாள்.