இரண்டு இலைத்துளைகளுக்கு நடுவே ஒரு செல்

1. எங்கள் ஆய்வகத்தில் அகார் தீர்ந்துபோனது. விதைகளை வளர்க்கும் ஊட்டக்கரைசலை ஜெல்லி மாதிரி இறுகவைக்கும் பொடி அது.
2. புதிய பொட்டலம் வரத் தாமதமானது. சீனியர் அக்காவும் நானும் பேசி, என் செடிகளைச் சர்க்கரை கலந்த கரைசலில் அப்படியே வளர்த்தோம்.
3. நுண்ணோக்கியில் பார்த்தால், இலைத்துளைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
4. மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

வழக்கமாக இலைத்துளைகள் அப்படி ஒட்டிப் பிறப்பதில்லை. இலையின் மேல்தோலில் ஓர் இளம் செல்லுக்குள் மூன்று மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலையைத் தொடங்குகின்றன. முதலாவது, செல்லைச் சிறிதும் பெரிதுமாகப் பிரியவைக்கிறது. இரண்டாவது, சிறியது மேலும் அப்படிப் பிரிவதை நிறுத்துகிறது. மூன்றாவது, அது ஒரே ஒரு முறை சரிபாதியாகப் பிரிந்து, துளையின் இரு பக்கக் காப்புச் செல்களாக மாறுவதைப் பார்த்துக்கொள்கிறது. இதற்கிடையில் அந்தச் சிறிய செல், நீங்களும் துளையாகிவிடாதீர்கள் என்று பக்கத்துச் செல்களுக்குப் புரதம் மூலம் சேதி அனுப்புகிறது. அதனால் இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு சாதாரண செல்லாவது இருக்கும்.

அந்தச் சேதியைக் கடத்துவதில் பங்கிருக்கும் என்று நான் நினைத்த ஒரு மரபணு, என் செடிகளில் இயங்காது. நினைப்பு சரியென்றால் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை என் ஆய்வு வழிகாட்டி மேடம் முன்னால் பேச வேண்டும்.

அக்கா மைசூர்பாகில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தார்.

“கன்ட்ரோல் எங்க?”

ஒப்பிட வைத்திருந்த, மரபணு மாறாத சாதாரணச் செடிகளின் படத்தைக் காட்டினேன். பழைய அகார் தட்டில் வளர்ந்தவை. துளைகள் ஒழுங்காகத் தள்ளித் தள்ளி இருந்தன.

“இது ஜெல்லில உட்கார்ந்து வளர்ந்தது. உன்னோடது சர்க்கரைத் தண்ணில நீச்சலடிச்சது. ஒட்டவச்சது மரபணுவா, தண்ணியான்னு எப்படிடி சொல்லுவே?”

மைசூர்பாகைத் திருப்பிக் கேட்காதே என்றார்.

மேடத்திடம் சொல்லி வெள்ளிக்கிழமைப் பேச்சைத் தள்ளிவைத்தேன். சாதாரணச் செடிகளையும் அதே கரைசலில் வளர்த்தேன். அவற்றிலும் துளைகள் ஒட்டியிருந்தன.

அன்று மாலை பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது வருத்தமாகத்தான் இருந்தது. பாலத்தின் நடுவில் வேறொன்று தோன்றியது. அந்தச் சாதாரணச் செடிகளில் எந்த மரபணுவும் கெடவில்லை. பிறகு சேதி எங்கே தொலைந்தது? சர்க்கரை, முதல் மரபணுவை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவிடவில்லையா? அனுப்பிய புரதம் தண்ணீரில் கரைந்து போய்விட்டதா? யோசித்துக்கொண்டே, என் நிறுத்தமான அம்மா மண்டபத்தில் இறங்காமல் விட்டுவிட்டேன்.

அகார் வந்துவிட்டது. இப்போது இரண்டு வகைச் செடிகளும் ஜெல்லியிலும் கரைசலிலும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் வளர்கின்றன. கரைசலில் இரண்டிலுமே துளைகள் ஒட்டுகின்றன. ஏன் என்று தெரியாது. ஜெல்லியிலும் என் செடிகளில் மட்டும் துளைகள் ஒட்டினால்தான் என் நினைப்பு சரி. அங்கே அவற்றுக்கு இலை இன்னும் விரியவில்லை. அத்தியாயம் உண்டா இல்லையா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது.