எல்லை தாண்டிய வாய்

மங்கேனிக்குத் தெரிந்தது ஒரே தொழில். ஊரான் வீட்டுப் பையன்களுக்காகப் பெண் கேட்டுப் பேசுவது.

எங்கள் சாமியா ஜனங்களில் மாப்பிள்ளை தன் வாயால் பெண் கேட்கக் கூடாது. அவன் அப்பாவும் கேட்கக் கூடாது. பையன் புதுச் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், அவனுக்காகப் பேச ஓர் ஆளை அமர்த்துவார்கள். பெண் வீட்டாரும் தங்கள் பங்குக்கு ஓர் ஆளை அமர்த்துவார்கள். இரண்டு பேரும் கூடாரத்தின் நடுவில் நின்று ஒருவரையொருவர் கிண்டல் செய்து, பெண்ணுக்குப் பரிசமாகத் தரும் மாடுகளின் கணக்கை ஏற்றி இறக்கி, ஊரைச் சிரிக்க வைத்து, இருட்டுவதற்குள் காரியத்தை முடித்துவிடுவார்கள். மங்கேனி இதில் பெரிய கை. நான் எகேசா, கூடாரமும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவன். அவருடைய வாயும் என்னுடைய பெட்டியும் பல வருஷமாக ஒரே வண்டியில்தான் போய் வந்தன.

அஜியாம்போவை அவர் கட்டிக்கொண்ட அன்று வழக்கப்படி வேறொருவர்தான் பேசினார். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செத்து அடக்கம் செய்த அன்று நான்தான் மைக்கை இவர் கையில் கொடுத்தேன். ஊரே காத்திருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சுவிட்சை அணைத்தேன். அடுத்த சனிக்கிழமை வேறொரு வீட்டில் பெண் கேட்கப் போனார், நன்றாகவே சிரிக்க வைத்தார். அந்த மைக் விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் அப்புறம் பேசவேயில்லை.

அப்படியே காலம் ஓடியிருக்கும். அதற்குள் அரசாங்கங்கள் ஒன்று சேர்ந்துவிட்டன.

எங்கள் புசியா பாதி கென்யாவிலும் பாதி உகாண்டாவிலும் கிடக்கிற ஊர், நாங்கள் கென்யாப் பாதி. ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்து சந்தை மைதானத்தில் கூட்டம் போட்டார். அண்டை நாடுகள் எல்லாம் இனி ஒரே சந்தை என்றார். சரக்கு மட்டுமில்லை, சேவையும் தடையில்லாமல் போய் வரலாம், பொறியாளர், கணக்காளர், கட்டட வரைவாளர் எல்லாரும் எந்தப் பக்கத்திலும் தொழில் நடத்தலாம் என்றார். அந்தக் கூட்டத்துக்கும் என் மைக்தான். மங்கேனி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

“நல்லதுதானேடா எகேசா. கணக்குப் புள்ளைங்க வரட்டும். இங்க இருக்கறவனுங்க கணக்கைப் பாத்தாத்தான் தெரியுதே.”

கணக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. செக்கித்தோ வந்தான்.

உகாண்டாவில் ஜின்ஜாக்காரன். கணுக்கால் வரை வெள்ளை அங்கி, அதன் மேல் கோட்டு. பேசுவதற்கு முன் மண்டி போட்டு ஒரு வணக்கம் வைப்பான், அதிலேயே பெண்ணின் அத்தைமார்கள் விழுந்துவிடுவார்கள். மங்கேனி மத்தியானம் வரை இழுக்கிற இடத்தை அவன் ஒரு நக்கலில் தாண்டிவிடுவான். முதலில் ஒரு வீடு அவனைக் கூப்பிட்டது. அப்புறம் எங்கள் தெருவே கூப்பிட்டது. மங்கேனியின் சொந்த அண்ணன் மகனுக்கே செக்கித்தோ பேசினான். மங்கேனி அங்கே விருந்தாளியாகப் போய்க் கோழிக்கறி தின்றுவிட்டு வந்தார்.

“கறி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“வெந்திருந்துச்சு” என்றார்.

அவர் கோட்டு ஆணியில் தொங்க ஆரம்பித்தது. நானாவது நாற்காலியை யார் பேசினாலும் வாடகைக்கு விடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி ஆள் அனுப்பினார். ஏரிக்கரையில் மஜாஞ்சி ஊர்க்காரர். மகனுக்குப் பெண் பார்த்திருந்தார். பெண் வீட்டார் முந்திக்கொண்டு செக்கித்தோவை அமர்த்திவிட்டார்கள். அவனுக்கு எதிரே நிற்க உகாண்டாவில் யாரும் துணியவில்லை. எதிரணிக்குக் கென்யாவிலிருந்து ஆளை இறக்குமதி செய்வது என்று மீன்காரர் முடிவு செய்தார்.

“எகேசா, இதுவும் போச்சுன்னா என் தம்பி மாவு மில்லுல மூட்டை புடிக்கத்தான் போகணும்” என்றார் மங்கேனி. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தம்பி ஏற்கெனவே அவருக்கென்று ஒரு முண்டாசுத் துணி எடுத்து வைத்திருந்தான்.

கிளம்புவதற்கு முன் மங்கேனி, பெண்ணின் அப்பா என்ன குலம் என்று விசாரித்தார். வேற்றுக் குலம், மங்கேனிக்கோ மாப்பிள்ளைக்கோ சம்பந்தமில்லை. அத்தோடு விட்டுவிட்டார். எங்கள் பக்கமாக இருந்தால் பெண்ணின் அம்மா யார், அம்மாவைப் பெற்றவள் எந்த ஊர் என்று நோண்டாமல் வண்டி ஏற மாட்டார். அந்தப் பக்கம் இருப்பவர்கள் வெளிநாட்டார் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. நல்ல குடிமகனாக அவரும் அதை நம்பிவிட்டார்.

எல்லைக் கட்டடத்தில் ஒரு சின்ன வயசு அதிகாரிப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

“என்ன வேலையா போறீங்க, ஐயா?”

“பேசப் போறேன்.”

“யார்கிட்ட?”

“யார்கிட்டயும் இல்லம்மா. பேசறதுதான் வேலை. பொண்ணு கேட்டுப் பேசறது.”

அவள் திரையில் மேலும் கீழும் தேடினாள். பொறியாளர் இருந்தது, கால்நடை மருத்துவர் இருந்தது. பெண் கேட்பவர் இல்லை.

“படிப்புச் சான்று ஏதாவது?”

“என் பேச்சுல கட்டிக்கிட்டுப் போன பொண்ணுங்க எல்லாம் உசிரோட இருக்காளுங்க. வேணும்னா கேட்டுப் பாரு. சில பேரு என்னைத் திட்டுவாளுங்க, அதைக் கண்டுக்காதே.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்து ‘ஆலோசகர்’ என்று அடித்து அனுப்பிவிட்டாள். என் ஸ்பீக்கர் பெட்டிதான் மாட்டிக்கொண்டது. அது சரக்கு. திறந்து பார்த்தார்கள், எண்ணைக் குறித்தார்கள், திருப்பிக் கொண்டுவருவேன் என்று எழுதி வாங்கினார்கள். வாய்க்கு வழிவிட்டு அந்த வாய் பேசுகிற பெட்டியை நிறுத்தி வைக்கிற சந்தையைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. வேண்டாம்.

பெண் வீட்டுக் கூடாரம் நிறைந்திருந்தது. மூத்தவர்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழலில் கேழ்வரகுச் சாராயம் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். செக்கித்தோ மண்டி போட்டு வணக்கம் வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

“என்னண்ணே, எல்லை தாண்டி வந்திருக்கீங்க. பேச்சுக்கு வரி கட்டினீங்களா?”

“உனக்கு எங்க ஊர்ல போட்டாங்களா? போட்டிருந்தா எங்க நாடு இந்நேரம் பணக்கார நாடாயிருக்கும்.”

கூடாரம் அதிர்ந்தது. மீன்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். மங்கேனி தொடர்ந்தார். “எங்க வீட்ல அடுப்பு அணைஞ்சுபோச்சுப்பா. உங்க வீட்டுப் புகை ஏரிக்கரை வரைக்கும் தெரிஞ்சுது. கொஞ்சம் நெருப்பு கேட்டு வந்தோம்.” செக்கித்தோ தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். இவர் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, “இது உங்க ஊருத் தீப்பெட்டியா? பத்தாது” என்றார். அவரை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! மூட்டை தூக்குகிற பேச்சே என் மனசிலிருந்து போய்விட்டது.

அப்போது பெண்ணின் அம்மாவைச் சபைக்கு அழைத்து வந்தார்கள். மங்கேனி வணங்குவதற்காக நிமிர்ந்து பார்த்தார். மைக் கீழே விழுந்தது. கோட்டை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நாற்காலி வரிசைகளுக்குள் புகுந்து கூடாரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டார்.

அந்த அம்மாள் அஜியாம்போவின் தாய்க்குக் கூடப்பிறந்த தங்கை. அக்காவை எங்கள் பக்கம் கொடுத்தார்கள், தங்கையை இந்தப் பக்கம். எங்கள் முறையில் இவளும் மங்கேனிக்கு மாமியார். மாமியார் முகத்தில் மருமகன் விழிக்கக் கூடாது. கை கொடுப்பது, சேர்ந்து உட்காருவது, ஒரு கூரைக்குக் கீழே சாப்பிடுவது எதுவும் கிடையாது. அந்தம்மாளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. செக்கித்தோவின் ஜனங்களிலும் இந்த விலக்கு உண்டு, அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

மீன்காரர் மட்டும் எழுந்து நின்று கத்தினார். “என் ஆளு எங்கேப்பா? அவரு எங்க பக்கமா, பொண்ணு வீட்டுப் பக்கமா?”

கூடாரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “உறவுல அவங்க பக்கம். வாடகைக்கு உங்க பக்கம்.”

மூத்தவர்கள் குழலைக் கீழே வைக்காமலே கலந்து பேசினார்கள். கடைசியில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். “முகத்துக்குத்தான் விலக்கு, குரலுக்கு இல்ல. நடுவுல துணி கட்டுங்க, பேசட்டும். மாமியாரைக் கண்ணால பாத்த குத்தத்துக்கு ஒரு ஆடு குடுத்துரணும்.”

மங்கேனிக்கு வரவேண்டிய கூலி அந்த ஆட்டோடு தீர்ந்தது. நான் மைக் ஒயரை நீட்டித் துணிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன். அவர் வாழைக் கன்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மைக்கை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அடக்கத்தன்று செய்த மாதிரியேதான். திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“எகேசா, அந்தம்மா உக்காந்திருக்காங்களா?”

“உக்காந்திருக்காங்க.”

அவர் பேசினார். நக்கல் வரவில்லை.

“நெருப்பு கேட்டு வந்தோம்னு சொன்னேன். அது சும்மா சொல்றது இல்ல. நெருப்பு இல்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வாசல்ல செருப்பை விட்டுட்டு, யாராவது ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டாங்களான்னு நிப்போம். நாள் பூரா ஊரையே சிரிக்க வச்சுட்டு வருவோம், வீட்ல அதைச் சொல்ல ஆள் இருக்காது. இந்தப் பையன் அப்படி ஆகக் கூடாது. உங்க பொண்ணைக் குடுங்க. அவ பேசினா அவன் கேப்பான். கேக்கலைன்னா நான் வந்து கேக்கச் சொல்றேன். அவ இருக்கும்போதே அவகிட்ட பேசச் சொல்றேன்.”

மூத்தவர்கள் குழலைக் கீழே வைத்தார்கள். எல்லாரும் செக்கித்தோவைப் பார்த்தார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் அவன்.

“எங்களுக்கு மறுபேச்சு இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதற்குமேல் மாடுகளைப் பற்றி ஒரு பேச்சும் நடக்கவில்லை. மீன்காரர் சொன்ன கணக்கே நின்றது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நான் பெட்டியருகே ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன், மைக் இன்னும் மங்கேனி கையில்தான் இருந்தது. துணிக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாள் வந்து நின்றாள். முதுகைத் துணிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மருமவனே, இருக்கியா?”

“இருக்கேன் மாமி.”

“அஜியாம்போவைக் கட்டும்போது உனக்குப் பதிலா எவனோ வந்து பேசினான். அவளை மண்ணுல வச்சப்ப நீ வாயே தொறக்கல. எங்க அக்கா சாகற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தா. ஊருக்கெல்லாம் பேசினான், என் பொண்ணுக்கு ஒரு வார்த்தை பேசலைன்னு.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இன்னைக்குத்தான் நீ அவளைக் கேட்டே. அக்காவுக்குப் பதிலா நான் சொல்றேன். குடுத்தோம்யா. கூட்டிக்கிட்டுப் போ.”

மங்கேனி அழுதார். பெரிய ஆம்பிளை அழுகிற சத்தம் கூடாரம் முழுக்கக் கேட்டது, மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் என் கையருகில்தான் இருந்தது. ஒரு தடவை அணைத்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி ஏறும்போது செக்கித்தோ ஓடி வந்தான்.

“அண்ணே, அடுத்த மாசம் இகாங்காவுல ஒரு இடம். எனக்கு எதிர்ப்பக்கம் நிக்கறீங்களா?”

மங்கேனி மூக்கைச் சிந்திக்கொண்டு, “பொண்ணோட அம்மா எந்த ஊரு? அவ அம்மா எந்த ஊரு? அதைச் சொல்லு முதல்ல” என்றார்.

எல்லையில் காலையில் இருந்த அதே பெண்தான் இருந்தாள். என் பெட்டியின் எண்ணைச் சரிபார்த்தாள். பிறகு மங்கேனியைப் பார்த்தாள்.

“ஐயா, அந்தப் பக்கத்துலேருந்து ஏதாவது கொண்டு வர்றீங்களா?”

மங்கேனி தன் பக்கத்து இடத்தைப் பார்த்தார். முன் சீட்டில் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுமில்லம்மா” என்று நான்தான் சொன்னேன். “போகும்போது இருந்த பெட்டிதான்.”

அவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.