ஸ்பிரிட்டில் போட்ட துண்டு

சேலத்தில் நான் டாக்டராக இருந்தபோது பரிசோதனைக் கூடத்தில் ஓர் உதவியாள் இருந்தார். ஒல்லியான உடம்பு, நகமெல்லாம் நீலச் சாயம். எந்தக் குப்பியையும் முகர்ந்து பார்க்காமல் மூடமாட்டார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் ராசிபுரத்து நெசவாளர் ஒருவர், உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளியாக இருந்த தன் சின்ன மகளைக் கூட்டி வந்தார். குஷ்டம் என்று ஊரே ஒதுக்கியிருந்தது. தோலில் இயல்பாகவே இருக்கும் மாஸ்ட் செல்கள் பெருகியதால் வந்த புள்ளிகளோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் பயமில்லை. கெடாமலிருக்கப் பார்மலினில் போட்டிருந்த அவளுடைய தோல் துண்டை நீலச் சாயமேற்றிப் பார்த்தேன். ஒரு மாஸ்ட் செல்லும் தெரியவில்லை. ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

“கொஞ்சம் பொறுங்க டாக்டரய்யா” என்றார் உதவியாள். “ பார்மலின்ல தண்ணிதானுங்க அதிகம். செல்லுக்குள்ள சாயம் பிடிக்கற மணியெல்லாம் கரைஞ்சிருக்குமுங்க. அதே தோல்ல இன்னொரு துண்டை ஸ்பிரிட்டுல போட்டு வெச்சிருக்கறனுங்க.”

“யார் போடச் சொன்னது?”

“யாருஞ் சொல்லலீங்க. எங்க ஊட்ல நூலுக்குச் சாயம் போடறதுங்க. தண்ணி எதையெதைக் கொண்டுபோகும்னு தெரியுமுங்க.”

அந்தத் துண்டைச் சாயமேற்றிப் பார்த்தபோது நீலத்துக்கு நடுவே மாஸ்ட் செல்கள் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன.

“குஷ்டமில்லை. வளர வளர மறைந்துவிடும்” என்றேன். தகப்பனார் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். உதவியாள் அடுத்த குப்பியை முகர்ந்துகொண்டிருந்தார்.

இன்றும் ‘இல்லை’ என்று எழுதுமுன் கேட்டுவிடுகிறேன்: ஸ்பிரிட்டில் ஒரு துண்டு இருக்கிறதா?