சூட்டுப்படியில் வந்த அறை

உலைக்காரர் எந்தக் கதவையும் நேராக நின்று திறந்ததில்லை. உடம்பை ஓரமாக ஒதுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித்தான் திறப்பார். தொழிற்சாலையில் அப்படித்தான் திறக்க வேண்டும். பற்சக்கரங்களையும் அச்சுகளையும் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி இறுக வைக்கிற உலை அது. கதவு திறந்தால் உள்ளிருக்கும் நெருப்பு, யார் எவர் என்று பார்க்காமல் வெளியே எட்டிப் பார்க்கும். அங்கே சரி, வீட்டில் துணி அலமாரியையும் அப்படியே திறந்தால்?

"அதுக்குள்ள என்ன, நெருப்பையா மடிச்சு வெச்சிருக்கேன்?" என்பாள் மனைவி.

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பா மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டுவாள்.

சம்பளம் என்று ஒன்று வந்தது, போனது. அரிசி, கேஸ், பள்ளிக்கூடக் கட்டணம், பஸ் என்று ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டு போனால் மாசக் கடைசியில் கையைப் பிசைய வேண்டியதுதான். ஆனால் உலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தொகை உண்டு. சூட்டுப்படி என்று பேர். ஒற்றை அறையில் குடியிருந்தவர்கள், பக்கத்து அறை காலியானதும் அந்தப் படியை நம்பித்தான் அதையும் வாடகைக்கு எடுத்தார்கள். நடுவில் பூட்டிக் கிடந்த கதவை வீட்டுக்காரம்மா திறந்துவிட்டார். மகளுக்கு ஒரு மேஜை வந்தது, மேஜைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. 'சூட்டு ரூம்' என்று பேர் வைத்தவளும் அவள்தான். வீட்டிலேயே குளுகுளுவென்று இருந்த அறை அது ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு மனசு நிறைந்துபோகும். எண்ணெய்ப் புகை வாடையோடு வருவார். குளித்துவிட்டு சூட்டு ரூமின் வெறும் தரையில் மல்லாந்து படுப்பார். மகள் மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடம் படிப்பாள். ஒரு எழவும் புரியாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கண்தான் வம்பு பண்ணியது. வருஷக்கணக்காகச் சிவப்பையே பார்த்த கண். எரிந்தது, நீர் வடிந்தது. டாக்டர் சூட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். ஃபோர்மேன் நல்ல மனுஷன். இரும்பு சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அறையில் ஓர் இடம் காலி என்றார். நாற்காலி உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு.

"சூட்டுப்படி?" என்று கேட்டார் உலைக்காரர்.

"சூடே இல்லாத இடத்துல ஏதுய்யா சூட்டுப்படி?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் ஃபோர்மேன் வாய் சும்மா இருக்குமா? கடைத்தெருவில் மனைவியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

"நாற்காலி குடுக்குறாங்களாமே?"

"அதை எடுத்தா ரூமு போயிடும்."

"போனா போகட்டும். கண்ணு போனா எந்தக் கடையில வாங்குவீங்க?"

"புள்ள படிக்கிற இடம்டி அது. நான் பாத்துக்கிறேன், நீ பேசாம இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள். அடுத்த வாரம் ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்தால் நடுக்கதவு சாத்தியிருக்கிறது. வழக்கம்போல ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பி, கையை நீட்டித் தள்ளினார். அசையவில்லை. அந்தப் பக்கம் பூட்டியிருந்தது. மேஜை, படுக்கை, பெட்டி எல்லாம் ஒரே அறைக்குள் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன.

"வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். இனிமே சூட்டுல நிக்கறதுக்குக் காரணம் தேடாதீங்க" என்றாள் மனைவி.

அவர் மகளைப் பார்த்தார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தக் குனிந்த தலை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

நாற்காலிக்குப் போனார். கண் தேறியது. மகளும் அந்த நெருக்கடியிலேயே படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. சின்னச் சண்டை வந்தாலும், "புள்ளைகிட்டேருந்து ரூமைப் புடுங்கினவதானே நீ!" என்று மனைவியைக் குத்திக் காட்டாமல் விட மாட்டார். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள், இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கடைசிவரை சொல்லவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, கைக்கு வந்த பென்ஷனில் வாடகை கொடுத்தால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் வாடகை இல்லை. மகள் வந்து கையோடு அழைத்துப் போனாள். அவள் வீட்டில் அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தாள். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்து, அறைக் கதவைத் திறந்தாள். உடம்பை ஓரமாக ஒதுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி. உலையைக் கண்ணால்கூடப் பார்க்காதவள்.

அவர் இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டார்.

"அம்மா அந்த ரூமைக் குடுத்தப்போ உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?"

மகள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அம்மா எங்கப்பா குடுத்தாங்க? ஈரத்துணியைக் கண்ணுல போட்டுக்கிட்டு என் மேஜைக்குப் பக்கத்துல படுத்திருப்பீங்க. நான் படிக்கறதை நிறுத்தினா, 'ஏன் நிறுத்திட்டே?'ன்னு கேப்பீங்க. எனக்குத் தாங்கல. ரூமை விட்டுடலாம்னு அம்மாகிட்ட அழுதது நான்தான். 'உன் பேரைச் சொன்னா அவர் கேக்க மாட்டாரு, என் பேர்லயே இருக்கட்டும்'னு சொல்லிட்டாங்க."

அவர் வாசலிலேயே நின்றார். மனைவியைக் குத்திக் காட்டிய ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துக்கு வந்தது. மறுத்துச் சொல்ல வேண்டியவள் இப்போது இல்லை.

"உள்ள வாங்கப்பா" என்றாள் மகள். "இந்த ரூமுக்காக யாரும் சூட்டுல நிக்கல."