ஆயாவுடன் நின்றபோது அடிபட்டார்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. கறிக்கு உப்புப் போட்டாயிற்று என்று யார் சொன்னாலும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். "உனக்கு மாப்பிள்ளை பாக்கிறதெண்டால், முதல் அவனிட்டைப் பத்துப் பேரின்ரை சாட்சிக் கடிதம் வேண்டவேணும்" என்று அம்மா பேசுவார். பேசட்டும். நம்பிக் கெட்டவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருந்தேன். சந்தேகப்பட்டுக் கெட்டவர் ஒருவரையும் அதுவரை பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஆதரவில்லாத பெண்களுக்காக ஒரு மிஷன் நடத்திய இல்லத்தில் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. இருபது பேர்வரை அங்கே இருந்தார்கள். சீமையிலிருந்து வந்த மிசியம்மா ஒருவர் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தார். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒழுங்குகள் எழுதி ஒட்டியிருந்தன. கைநீட்டிச் சண்டை பிடிப்பவர்களுக்கு முதல்தரம் எச்சரிக்கை, இரண்டாந்தரம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். படுக்கையில் விழுந்தவர்களும் கண் தெரியாதவர்களும் இருக்க முடியாது, அவர்களைப் பார்க்க ஆளில்லை. கடைசியில், நடப்பது எதுவானாலும் நடப்புப் புத்தகத்தில் ஏறவேண்டும்.

அந்த நடப்புப் புத்தகம் என் கையில் இருந்தது. யார் விழுந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் யாரைப் பேசியது எல்லாம் எழுதவேண்டும். நாள், இடம், நடந்தது, கண்டவர் என்று கட்டங்கள். சனிக்கிழமைகளில் மிசியம்மா இருந்து எழுத்தெழுத்தாக வாசிப்பார். என்னைப் போல ஒருத்தி கிடைக்க அவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கனம்தான், வேறென்ன?

பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் எல்லோரும் ரேந்தை அக்கா என்று கூப்பிடும் ஒருவருடையது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு நூலில் ரேந்தை பின்னப் படிப்பித்தவர், கலியாணம் செய்யாதவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். இல்லத்துக்கு வருமுன் தம்பி வீட்டில் இருந்தார். அங்கே மாட்டுக்கொட்டிலோடு ஒட்டிய பத்திச் சாய்ப்பில்தான் அவருக்குப் படுக்கை. தம்பி பெண்சாதி முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. சேர்ந்த அன்றைக்கு மிசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை எங்கை வேணுமெண்டாலும் விடுங்கோ, அங்கை மட்டும் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ" என்று அழுதாராம். இந்தக் கதை தெரியாதவர் இல்லத்தில் இல்லை.

மாசியில் அவருக்கு நெற்றி வீக்கம். பதினைந்து நாள் கழித்து முழங்கால். நான் வந்த பிறகு முழங்கை. மூன்று இடத்திலும் ‘வழுக்கி விழுந்தார்’. மூன்று இடத்திலும் கண்டவர் ஒரே ஆள், இல்லத்தில் வேலைக்கு நின்ற ஆயா.

ஆயா குருநகரிலிருந்து வந்தவர். புருஷன் கடலில் போய்விட்டார். கரையில் நின்று தோணிக்காரரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கோடியில் நின்று கதைத்தால் வாசல் படலையடிக்குக் கேட்கும். கையும் அப்படித்தான், உரம் பாய்ந்த கை. குருநகர்ச் சனம் என்றால் வாய்க்காரச் சனம், கைநீட்டுகிற சனம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம். எனக்கும் அந்தக் கோணல் புத்தி இருந்தது. ஒளிப்பானேன்?

முழங்கைக் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது நேரே போய்க் கேட்டேன்.

"எப்பிடி அக்கா விழுந்தனீங்கள்?"

"வழுக்கிப்போட்டுது பிள்ளை."

பின்னால் நின்ற ஆயா முந்திக்கொண்டு, "ஓம் தங்கச்சி, வழுக்கிப்போட்டுது. அப்பிடியே எழுதும்" என்றார்.

பங்குனி வெயில். வெளியே மண் வெடித்துக் கிடந்தது. ஒரு மனுஷி எதில்தான் வழுக்குவது? "என்னத்திலை வழுக்கினது?" என்று கேட்டேன். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலிலை செருப்பில்லாட்டி வழுக்கும்தானே?" என்றார். செருப்புப் போட்டால் வழுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போடாவிட்டால் வழுக்குமாம்! வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு எழுதினேன்.

அன்றுதொட்டு அந்த இரண்டு பேரையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க எனக்கு எல்லாம் வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. ஆயா எப்போதும் அக்காவின் மேற்கையை இறுக்கிப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போவார். சாப்பாட்டில் பக்கத்தில் குந்தி, காதுக்குள் ஏதோ குசுகுசுப்பார். நான் கிட்டப் போனால் வாய் மூடிவிடும். மீன் கறி நாட்களில் அக்காவின் சோற்றுக் கோப்பைக்குள் கைவிட்டு மீனை எடுத்துப் பிய்ப்பார். மீன்காரிக்கு மீனாசை விடுமா, கிழவியின் பங்கைத் தின்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று காதுகொடுத்தேன். "நான் சொல்லித் தந்தமாதிரிக் கதையுங்கோ. மற்றது வாயிலை வரப்படாது, விளங்கிச்சோ?" என்றது ஆயாவின் குரல். "ஓம்" என்றார் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்கு மேல் பற்றி எரிந்தது. அடிக்கிறதும் அடித்துவிட்டு வாயையும் கட்டுகிறாளே, பாவி!

சித்திரையில் நாலாவது காயம் வந்தது. கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, தோல் கிழிந்து இரத்தம். கிணற்றடியில் நடந்ததாம். ஆயா வந்து, "வழுக்கித் துலாக்காலோடை முட்டிப்போட்டா, எழுதும்" என்றார். துலாக்கால் அன்றைக்கு முளைத்ததா? தண்ணீர் அள்ளும் துலாவைத் தாங்கிக்கொண்டு வருஷக்கணக்காக அதே இடத்தில் நிற்கிற மரம்.

ஆயா அடித்தார் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் நான் காணவில்லையே. காணாததை எழுதினால் என் தலைதான் உருளும். அப்போதுதான் அந்தச் சொல் என் மூளைக்கு எட்டியது: அடிபட்டார். எங்களுக்கு அடிபட்டது என்றால் காயப்பட்டதுதான். ஆயா கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. மிசியம்மாவோ பண்டிதர் ஒருவரிடம் இலக்கணத் தமிழ் படித்தவர். அவருக்கு அடிபட்டார் என்றால் யாரோ அடித்தார்கள் என்று படும். யார் என்று தானாகக் கேட்பார். ‘கிணற்றடியில் ஆயாவுடன் நின்றபோது அடிபட்டார்’ என்று முத்து முத்தாக எழுதி, மை காயும்வரை ஊதினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மிசியம்மா இருவரையும் அழைப்பித்தார். நானும் புத்தகத்தோடு நின்றேன். வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் அவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அக்காவிடம் கேட்டார்:

"ஏன் ஆயாவோடை அடிபட்டனீங்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது வருஷம் எங்கள் சனத்தோடு கதைத்துக் கதைத்து மிசியம்மாவின் தமிழ் எங்கள் தமிழாகவே போயிருந்தது! ‘பெடியள் அடிபடுகிறாங்கள்’ என்று நாங்கள் சண்டையைச் சொல்வோமே, அந்த அடிபடுதலாக அதை எடுத்துக்கொண்டுவிட்டார். பண்டிதரின் இலக்கணம் போன இடம் தெரியவில்லை.

இல்லை என்று அக்கா மறுப்பார், உண்மை வெளியே வரும் என்று காத்திருந்தேன். அக்கா ஆயா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "ஓம் அம்மா. வாய் தடிச்சுப்போச்சு, அடிபட்டனாங்கள்" என்றார்.

"ஓம்" என்றார் ஆயா உடனே. "நான்தான் முதல் கை ஓங்கினனான். பிழை என்னிலைதான்."

பார்த்தீர்களா! ஒத்துக்கொண்டுவிட்டாள்! சொல் வேறு வழியால் போனாலும் வந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று உள்ளுக்குள் துள்ளினேன். மிசியம்மா இருவரையும் கண்டித்துப் பேசினார். முதல்தரம் என்றபடியால் எச்சரிக்கையோடு மன்னித்தார். "போங்கோ" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? சனியன் என் நாக்கில் குந்தியிருந்தது. "அம்மா, எச்சரிக்கைக்குக் கீழை ரெண்டு பேரும் ஒப்பம் வைச்சாத்தான் நல்லது. பிறகு இல்லையெண்டு நிப்பினம்" என்றேன். மிசியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

ஆயா பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துப் புத்தகத்தடிக்குக் கொண்டுபோனார். "நீர் கையை எடும். அவவுக்கு எழுதத் தெரியும்" என்று நான் அதட்டினேன். ஆயா என் முகத்தைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைக் கள்ள முழி என்று எடுத்துக்கொண்டேன். கையை எடுத்தார்.

பேனையை நான்தான் அக்காவின் விரல்களுக்குள் வைத்தேன். அவர் குனிந்தார். சேர்வுப் பதிவில் பார்த்த அதே அழகான எழுத்தில் தன் பெயரை எழுதினார். புத்தகத்துக்கு நாலு விரற்கடை இப்பால், மேசை விரிப்பில். வெள்ளைத் துணியில் மை ஊறிப் பரவியது. கடைசி எழுத்தின் தலையில் குற்றும் போட்டு நிமிர்ந்து, "சரியே பிள்ளை?" என்று கேட்டார்.

மிசியம்மா எழுந்து வந்து, அக்காவின் முகத்துக்கு முன்னால் கையை மெல்ல ஆட்டிப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

ஆயா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னார். போன வருஷத்திலிருந்தே பார்வை மங்கிக்கொண்டு வந்ததாம். தெரிந்தால் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சொல்லவேண்டாம் என்று அக்கா காலில் விழாத குறையாகக் கேட்டாராம். கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும், காதுக்குள் சோறு எங்கே கறி எங்கே என்று சொன்னதும், மீனில் முள் எடுத்துக் கொடுத்ததும், விசாரித்தால் என்ன சொல்வது என்று பாடமாக்கியதும் எல்லாம் அதற்குத்தான். "நான் பாக்கிறன் அம்மா, என்ரை வேலைக்கு மேலாலை பாக்கிறன்" என்று மன்றாடினார். மிசியம்மாவின் கண்ணும் கலங்கியது. ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான். இன்றைக்குத் துலாக்கால், நாளைக்குக் கிணறு என்றார். தம்பிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அதையும் எழுதியது நான்தான்.

அன்று பின்னேரம் ஆயாவிடம் போனேன். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா எழுதியிருப்பாய்" என்றார் ஆயா. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவேயில்லை.

எழுதித்தான் இருப்பேன். அதில் எனக்கே சந்தேகமில்லை.

நாலாம் நாள் தம்பியார் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சால்வை, நல்ல சிரிப்பு. அக்காவை நானே கைபிடித்து மேசையடிக்குக் கூட்டிவந்தேன். தம்பியார் விலகற் பதிவில், ‘உறவினர் பொறுப்பேற்றார்’ என்ற வரிக்குக் கொஞ்சம் கீழே ஒப்பம் வைத்தார். அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை, தம்பி ஒப்பம் வைச்சிட்டானே?"

"ஓம் அக்கா."

"அதுக்கு மேலாலை ஒரு வரி எழுதிவிடும். தேத்தண்ணி கோப்பையிலை தரவேணும் எண்டு. அங்கை எனக்குச் சிரட்டையிலைதான் ஊத்திறவை. கண் தெரியாட்டிலும் சிரட்டை கையிலை தெரியுமெல்லே?"

சாதி பார்த்து வீட்டுக்குள் எடுக்காத ஆட்களுக்குத்தான் எங்கள் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார்கள். கூடப்பிறந்த தமக்கைக்கு! ஒப்பத்துக்கு மேலே ஒரு வரிக்கு இடமும் இருந்தது. ஆனால் தம்பியார் சிரித்தபடி என் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் மிசியம்மா. ஒப்பம் வைத்த பிறகு ஒரு சொல்லும் ஏற்றக்கூடாது என்பது ஒழுங்கு. பேனையை மையில் தோய்த்தேன். மைக்கூட்டில் தட்டிச் சத்தம் காட்டினேன். திரும்ப அந்தக் கூட்டுக்குள்ளேயே போட்டேன்.

"எழுதிப்போட்டன் அக்கா" என்றேன்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டும்."

வெறும் தாளைப் பார்த்து, அவர் சொன்ன வரியை ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன்.