ஒன்பதாம் வரிசை, நான்காம் குழி

என் மனைவிக்கு இந்த நகரத்தின் பெரிய மனிதர்கள் இருபத்தாறு பேரை நன்றாகத் தெரியும். இருபத்தாறு பேருமே செத்துப் போனவர்கள். பழைய கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். கிழிந்துபோன அடக்கப் பதிவேடுகளைப் பிரதி எடுப்பதற்காகச் சேர்ந்தாள். போகப் போக, சனிக்கிழமை காலையில் வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போய், இன்னார் இங்கே இருக்கிறார், இன்னது செய்தார் என்று சொல்லும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்று நான் சொல்கிறேன். அவளைக் கேட்டால் கிடைத்தது என்பாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கல்லறை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் எடுத்தவள் இல்லை.

எனக்குத் தையல் மெஷின் ரிப்பேர் தொழில். நாள் பூராவும் கடையில் உயிருள்ளவர்களின் புலம்பலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் அவளுடைய ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆற்றுக்குப் பாலம் கட்டிய இன்ஜினியர், முதல் பெண் டாக்டர், வந்தவர்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்த செஸ்காரர், நாலு வருடம் பதவியில் இருந்து ஒரு தெருவிளக்குகூடப் போடாத மேயர். மேயர்மேல் அவளுக்குத் தீராத கோபம். இருக்கிற கல்லறைகளிலேயே பெரியது அவருடையதுதான்.

எங்கள் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, உறவினர்களைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, சித்தி, செஸ் மாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, அந்த மாமா எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். ஆறாம் வரிசையில் இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? வெளியூர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கல்லறை முன்னால் நின்று பேசுவதற்கு என் மனைவி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். சொல்கிற விஷயம் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளே தேடிப் பிடித்து உறுதி செய்திருக்க வேண்டும். செஸ்காரருக்கு ஒரு நடிகையோடு தொடர்பாமே என்று யாராவது வாயைக் கிளறினால், "பார்த்தவங்க யாரும் எழுதி வைக்கல" என்று முடித்துவிடுவாள். வீட்டிலும் இதே கதைதான். பால்காரர் வந்தாரா என்று கேட்டால் "பால் இருக்கு, வந்திருக்கணும்" என்பாள். வந்தார் என்று ஒரு வார்த்தை வராது.

இப்படிப்பட்டவள்தான் பன்னிரண்டு வருடமாகச் சட்டத்துக்கு வெளியே ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது பாடகியைப் பற்றியது. இருபத்தாறு பேரில் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான். ஒரு காலத்தில் அவர் பாடுகிறார் என்றால் அரங்கத்துக்கு வெளியே ரோட்டிலும் கூட்டம் நிற்குமாம். கடைசியில் குரல் போய், ஆளும் அடையாளம் தெரியாமல் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். புதைத்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. என் மனைவிதான் பழைய பதிவேட்டில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தாள். ஒன்பதாம் வரிசை, நான்காம் குழி. வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே போனால், முழங்கால் உயரத்தில் எழுத்தே இல்லாத சின்னக் கல் ஒன்று நின்றது. "மழை எழுத்தைத் தின்னுடுச்சு" என்று கூட்டத்திடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்றிலிருந்து அந்தக் கல்லுக்கு வந்தது யோகம். சனிக்கிழமை ஆனால் பூ குவியும். யாராவது நின்று பாடகியின் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். செய்தித்தாளில் என் மனைவியின் படம் வந்தது. அவளுக்கு உள்ளூரப் பெருமை. எனக்கு வெளிப்படையாகவே பெருமை, அந்தப் பக்கத்தைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டேன். ஊசி மாற்ற வந்தவர்களைக்கூடப் படிக்காமல் போக விடமாட்டேன்.

அவள் ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலையில், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பழுப்பேறிய சீட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது எங்க அம்மாவைப் புதைச்ச சீட்டும்மா. போன மாசம் மாமா காலமாயிட்டார். அவருக்குத் தபால்ல வந்திருக்கு, பெட்டியிலயே வச்சிருந்தார். இடத்தைக் காட்டுவீங்களா?"

அவருடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி துவைத்தவர். அப்பா ஏற்கனவே இல்லை. அம்மா இறந்தபோது இவருக்கு ஆறு வயது. அன்று காலையிலேயே மாமா வந்து இவரை ரயிலேற்றித் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். பிறகு எப்போது கேட்டாலும் மாமா வாயைத் திறக்கவில்லை.

"அறுபது வருஷமா ஒண்ணே ஒண்ணுதாம்மா உறுத்திக்கிட்டே இருக்கு. நான் ரயில்ல போயிட்டேன். அம்மாகூடக் கடைசியில யாராவது வந்தாங்களா, இல்ல அநாதையாக் கொண்டாந்து போட்டுட்டாங்களா? அது தெரிஞ்சாப் போதும்."

என் மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாம் வரிசை, நான்காம் குழி. யாரோ எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். சனிக்கிழமை வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். அதிலும் அதே எண்தான்.

மத்தியானம் சாப்பிடாமல் பழைய வரைபடங்களைக் கிளறியதில் விஷயம் பிடிபட்டது. எழுபது வருடத்துக்கு முன்னால், ரோட்டை அகலப்படுத்தும்போது தோட்டத்தின் வடக்கு வாசலை அடைத்துவிட்டுத் தெற்கே புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். வரிசைகளை எப்போதும் வாசலிலிருந்துதான் எண்ணுவது வழக்கம். வாசல் மாறியதும் எழுத்தர் தெற்கிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். அதை ஒரு வரி எழுதிவைக்க அவருக்குத் தோன்றவில்லை. பெயர் வெட்டிய கல் இருப்பவர்களை யாரும் எண்ணித் தேடுவதில்லை, அதனால் இத்தனை நாள் தெரியாமலே போயிற்று. பாடகி புதைக்கப்பட்டது வாசல் மாறுவதற்கு முன்னால். சலவைக்கார அம்மா பின்னால்.

வடக்குச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த பழைய தூண்கள் இரண்டும் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் வரிசை, நான்காவது இடம். தோட்டக்காரர்கள் தள்ளுவண்டி நிறுத்துகிற குழாயடி. தினமும் அவள் கை கழுவுகிற இடம் அது.

இதற்கு நடுவில் இன்னொரு வம்பும் இருந்தது. பாடகியின் ரசிகர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பளிங்குக் கல் செய்து வைத்திருந்தார்கள். வருகிற சனிக்கிழமை அதை நடப்போகிறார்கள். அவள் தோட்டத்துக் கண்காணிப்பாளரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான், பிரச்சினை என்றால் மட்டும் காய்ச்சல் வந்துவிடும்.

"இப்ப யாரும்மா வந்து எண்ணிப் பார்க்கப் போறாங்க? கல்லும் வந்தாச்சு, எல்லாரையும் கூப்பிட்டாச்சு. அந்த மனுஷனுக்குப் பக்கத்துல ஒரு நல்ல இடமாக் காட்டிடுங்க. பூ வைக்கிறவருக்கு எந்த இடமா இருந்தா என்ன?"

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிப்பானேன், நானும் அதையேதான் சொன்னேன். "இன்னும் ரெண்டே மாசம். நல்ல பேரோட வெளியே வந்துடு" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"நான் இதைச் சொன்னா, இத்தனை வருஷம் சொன்னது அத்தனையும் சந்தேகமாயிடுங்க. டாக்டரம்மா நிஜமாவே அங்கதான் இருக்காங்களான்னு கேட்பாங்க. என்கிட்ட என் வாய்ச்சொல்லைத் தவிர வேற என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது மூன்று தடவை. அதில் இரண்டு என் கைங்கரியம்.

"அப்ப சொல்லாம விட்டுடு."

"விட்டா, அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. பதில் இருக்கிற பக்கத்தைக் காட்டினா, இடமும் அதுலயே இருக்கு."

"அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

"அதை முதல்ல அவருக்குத்தாங்க சொல்லணும்."

அவள் எழுந்து போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தள்ளி வைத்த தட்டை மறுபடி இழுத்துச் சாப்பிட்டாள். முடிவு எடுத்துவிட்டாள் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். அறுபது பேருக்குக் குறையாத கூட்டம். பளிங்குக் கல்லைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். குழுத் தலைவரான வயலின்காரர் புதுச் சட்டையில் விறைப்பாக நின்றார். கண்காணிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். தபால்காரர் எதுவும் புரியாமல் கடைசியில் ஒதுங்கி நின்றார். என் மனைவி இரண்டு பெரிய பதிவேடுகளைக் குழந்தையை இடுக்கிக்கொள்வதுபோல இடுக்கிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்க இருக்கிறது பாடகியம்மா இல்லை" என்றாள்.

வாசல் மாறிய கதையை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். "மழை எழுத்தைத் தின்னுடுச்சுன்னு நான் சொன்னது எந்தப் பதிவேட்டுலயும் இல்லை. எனக்குத் தோணினதை நிஜம் மாதிரி சொல்லிட்டேன். இந்தக் கல்லுல எழுத்து இருந்ததே இல்லை. தப்பு என்னோடது. வேற யார்மேலயும் இல்லை."

வாராவாரம் வந்து பாடுகிற ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நாங்க இத்தனை நாள் யாருக்குப் பாடினோம்?"

"ஆஸ்பத்திரியில துணி துவைச்ச ஒரு அம்மாவுக்கு. அவங்க பிள்ளை அதோ நிக்கிறார்."

எல்லாரும் திரும்பினார்கள். தபால்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கல்லைப் பார்த்தார், சுற்றிலும் கிடந்த பூவைப் பார்த்தார்.

"எங்க அம்மாவுக்குச் சத்தம்னாலே ஆகாது" என்றார். "நான் விசிலடிச்சாக்கூட அதட்டுவா. பன்னிரண்டு வருஷம் எப்படித்தான் பொறுத்துக்கிட்டாளோ."

முதலில் சிரித்தது வயலின்காரர்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. கண்காணிப்பாளரின் காய்ச்சல் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. பாடகி எங்கே என்று யாரோ கேட்க, குழாயடியில் என்றாள் என் மனைவி. "சரி, தள்ளுவண்டியை நகர்த்தச் சொல்லுங்க. கல்லைத் தூக்கிட்டுப் போறது எங்க பாடு" என்றார் வயலின்காரர்.

ஆனால் யாரும் நகரவில்லை. தபால்காரர் என் மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அவள் இரண்டாவது பதிவேட்டைப் பிரித்து, கல்லின்மேல் வைத்து, அவரைக் கிட்டே வரச் சொன்னாள்.

"உடன் வந்தவர்கள்னு இங்க ஒரு கட்டம் இருக்கு பாருங்க. ரெண்டு மூணு பேர் எழுதுற அளவுக்குத்தான் இடம் விட்டிருப்பாங்க. பாடகியம்மாவுக்குக்கூட ரெண்டே பேர்தான். உங்க அம்மாவுக்கு இடம் பத்தாம ஓரத்துலயும் எழுதியிருக்கு. பதினோரு பேர். எல்லாரும் சலவைப் பிரிவு. எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வச்சிருக்காங்க. கீழே இதையும் பாருங்க. எழுத்தில்லாத கல் வைத்தது, மேற்படி பதினோரு பேர்."

அவள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலிருந்த கையெழுத்தையோ மைக்கறையையோ அவர் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது பெயரில் அவர் விரல் நின்றுவிட்டது.

"இவங்க ரயிலடிக்கு வந்தவங்க" என்றார். "எனக்குப் பட்டன் போட்டுவிட்டாங்க. வண்டி கிளம்புற வரைக்கும் கையை விடல. அங்கேயிருந்து நேரா இங்க வந்திருக்காங்க."

மிச்சம் நான்கு பெயரையும் படித்து முடித்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவை படிங்கம்மா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

என் மனைவி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தப்பு என்னோடது என்று அவள் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் பெயரிலிருந்து மறுபடி படித்தாள். அறுபது பேரும் அவள் சொன்ன ஒவ்வொரு பெயரையும் அப்படியே நம்பிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.