ஒரே மூச்சில் நாற்பது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, மானம்தான் போகிறது. அதனால் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஆஸ்துமாவோடு வரும் பிள்ளையை ஒரே மூச்சில் பத்து வரை எண்ணச் சொல்வேன். எண்ணிவிட்டால் கொஞ்சம் நிம்மதி. நடுவில் மூச்சு வாங்கினால் ஆபத்து. நெஞ்சில் கேட்கும் விசில் சத்தம் திடீரென்று நின்றுபோனால் அதைவிடப் பெரிய ஆபத்து. காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். காதை மட்டும் நம்பாதீர்கள், சட்டையைத் தூக்கி விலா குழிகிறதா பாருங்கள் என்று அம்மாக்களிடம் வாய் கிழியப் பேசுவேன்.

அன்று ஞாயிறு, மதியம் 3.10. வீட்டில் நானும் என் எட்டு வயது மகனும் மட்டும். ஓயாமல் பேசுவதால் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவோம். காலையிலிருந்தே அவனுக்கு லேசான இழுப்பு. நான் குளியலறையில் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கேட்ட விசில் சத்தம் சட்டென்று நின்றது. எனக்குத் திக்கென்றது. ஆனாலும் டை தரையில் சொட்டுமே என்று, இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"டேய் சில்வண்டு, ஒரே மூச்சுல பத்து வரைக்கும் எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவன் குரல்தான். பத்தில் நிற்கவில்லை. இருபது... முப்பது... நாற்பது. நடுவில் மூச்சே வாங்கவில்லை. கெட்டிக்காரப் பயல் என்று சிரித்துக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு நர்ஸ்.

"இன்னும் எண்ணணுமா?"

போதும் என்றேன். அவன் இப்படி அனுமதி கேட்கிற ஆளே இல்லை. அது அப்போது உறைக்கவில்லை.

3.26. தலையை அலசிவிட்டு வந்தேன்.

சோபா நுனியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம்.

சட்டையைத் தூக்கினேன். விலா குழிந்து குழிந்து எழுந்தது.

நெஞ்சில் காதை வைத்தேன்...

சத்தமே இல்லை.

அள்ளிக்கொண்டு ஓடினேன். பிழைத்துக்கொண்டான். பேச்சு எப்போது நின்றது என்று எங்கள் வார்டு டாக்டர் கேட்டார். 3.11-க்குக்கூட நாற்பது வரை எண்ணினானே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதுக்கு முன்னாடியே இவனால ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசியிருக்க முடியாது, சிஸ்டர்."

வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மறுநாள் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றியதும் அவனிடமே கேட்டேன்.

"நான் எண்ணலம்மா. பக்கத்துல உக்காந்திருந்த அக்காதான் எண்ணினாங்க. என் குரல்ல."

எந்த அக்கா என்றேன்.

"தெரியாது. நான் உன்னைக் கூப்பிடப் பாத்தேன். என் வாயைப் பொத்திட்டாங்க. 'உங்கம்மா எந்திரிச்சு வர மாட்டாங்க... பந்தயமா?'ன்னு கேட்டாங்க."